தண்ணீருக்குப் போகும் வழி
தூத்துக்குடிச் சீமையின் நீர்நிலைகளும் மேய்ச்சல் நிலமும்

விளாத்திகுளத்துக்குக் கிழக்கே ஒரு சித்திரை மாத நண்பகல். கரிசல் வெடித்துக் கிடந்தது. வெடிப்புக்குள் கையை விட்டால் மணிக்கட்டு மறையும். ஊருணியில் முழங்கால் அளவுதான் தண்ணீர். கரையில் உடைமர நிழலில் நூற்றைம்பது ஆடுகள் காத்து நின்றன. கிடைக்காரர் அவற்றை ஒரேயடியாக இறக்கவில்லை. பால் கொடுக்கும் ஆடுகள் முதலில், சினையாடுகள் அடுத்து, கிடாய்கள் கடைசியில் என்று முப்பது முப்பதாக விட்டார். நாக்கை மேலண்ணத்தில் தட்டி அவர் எழுப்பிய சத்தத்துக்கு ஆடுகள் தலை குனிந்து குடித்தன. நடுவில் இறங்கப் பார்த்த கிடாயைக் கம்பை நீட்டியே திருப்பினார்.

ஏன் இத்தனை கண்டிப்பு என்று கேட்டேன். “கலக்கிட்டா பொறத்தால வாரது குடிக்காது அண்ணாச்சி. ஆடு பசியப் பொறுத்துக்கிடும், கலங்கத் தண்ணியப் பொறுக்காது” என்றார். அடுத்த தண்ணீர் எங்கே என்றேன். “அஞ்சு மைலு. வழியில இப்ப வேலி போட்டிருக்கு. சுத்திப் போனா எட்டு.”

இந்தக் கட்டுரை அந்த மூன்று மைலைப் பற்றியது. தூத்துக்குடி மாவட்டத்தில் தண்ணீர்ப் பஞ்சம் பற்றி எழுதாத பத்திரிகை இல்லை. குடிநீர், பாசனம், ஆலை, உப்பளம் என்று ஒவ்வொன்றுக்கும் கணக்கு உண்டு, வழக்கும் உண்டு. கால்நடைக்கு மட்டும் அந்தக் கணக்கில் தனி வரி கிடையாது. மேய்ச்சல் நிலம் ஒரு துறையிடமும், ஏரி குளம் இன்னொரு துறையிடமும், ஆடு மாடு மூன்றாவது துறையிடமும் இருக்கின்றன. இந்த மூன்றையும் ஒன்றாகப் பார்ப்பவர் கிடைக்காரர் ஒருவர்தான். அவருடைய கண்ணால் இந்தச் சீமையின் நீர்நிலைகளை ஒருமுறை சுற்றிவந்து, எது இருக்கிறது, எது அறுந்தது, எதை மீட்கலாம் என்று பார்க்க வேண்டும்.

முல்லை பாலையாகும் இடம்

தூத்துக்குடியைப் பாலைவனம் என்று சொல்ல முடியாது. ஆண்டுக்குச் சராசரியாகச் சுமார் 65 செ.மீ. மழை பெய்கிறது. ஜெய்சல்மேரில் பெய்வதோடு ஒப்பிட்டால் இது மூன்று மடங்குக்கு மேல். ஆனால் இந்த மழையில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் பத்திருபது நாட்களில் கொட்டித் தீர்ந்துவிடும். தென்மேற்குப் பருவமழையை மேற்குத் தொடர்ச்சி மலை தடுத்துவிடுவதால், ஆனி முதல் ஆவணி வரை இங்கே வந்து சேர்வது காற்று மட்டும்தான். அந்தக் காற்று இருக்கிற ஈரத்தையும் உறிஞ்சிக்கொண்டு போகிறது.

பாலை என்பது தனியாக ஒரு நிலம் கிடையாது, முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு கெட்டுத் திரியும்போது கொள்ளும் வடிவமே பாலை என்ற கருத்தைச் சிலப்பதிகாரம் பதிவு செய்திருக்கிறது. ஆயர்களின் நிலம் முல்லை. அது காய்ந்தால் பாலை. நீரும் மேய்ச்சலும் திரும்பினால் மறுபடி முல்லை. இந்த மாவட்டத்தின் வரலாற்றைச் சொல்ல இதைவிடப் பொருத்தமான இலக்கணம் எனக்குத் தெரியவில்லை. ஒவ்வோர் ஆண்டும் இந்த மண் முல்லைக்கும் பாலைக்கும் இடையே போய் வருகிறது. அந்தப் போக்குவரவுக்கு ஏற்ப நடந்து பழகியவர்களே இங்குள்ள மேய்ப்பர்கள்.

மண்ணை வைத்துப் பார்த்தால் மாவட்டம் மூன்று பட்டைகள். வடக்கே கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம், ஓட்டப்பிடாரம் வட்டாரங்களில் கரிசல். நடுவே திருவைகுண்டம், ஏரல், ஆத்தூர் வழியாகப் புன்னக்காயல் வரை தாமிரபரணியின் நஞ்சை. தெற்கே திருச்செந்தூர், உடன்குடி, சாத்தான்குளம் பக்கம் செம்மணல் மேடுகளான தேரி. இந்த மூன்றையும் கிழக்கே உப்பளங்களும் பனங்காடுகளும் கொண்ட முத்துக்குளித்துறைக் கடற்கரை தொட்டு நிற்கிறது. ஒவ்வொரு பட்டையும் தண்ணீரை ஒவ்வொரு விதமாக வைத்துக்கொள்கிறது.

நான்கு வகைத் தண்ணீர்

கரிசலில் தண்ணீர் மேலேதான் நிற்கும். களிமண் நனைந்ததும் உப்பி வாயை மூடிக்கொள்வதால் மழை உள்ளே இறங்குவது குறைவு. கிணறு தோண்டினாலும் பல ஊர்களில் உப்புத் தண்ணீர்தான். ஆகவே இங்கே குடிநீர் என்றால் ஊருணி, பாசனம் என்றால் கண்மாய். ஊருணிக்குக் கட்டுப்பாடு அதிகம்: செருப்போடு இறங்கக் கூடாது, துணி துவைக்கக் கூடாது, ஆடு மாட்டை விடக் கூடாது. கால்நடைக்கு வேறு குட்டை ஒதுக்குவார்கள். ஒரே ஊருணி என்றால் அதிலேயே ஒரு மூலையில் கல் பரப்பித் தனி இறக்கம் வைப்பார்கள். உப்புக் கிணறும் வீண் போகவில்லை. மனிதனும் பசுவும் குடிக்க முடியாத அளவு உவர்ப்பைச் செம்மறியும் வெள்ளாடும் தாங்கிக்கொள்ளும். மக்கள் கைவிட்ட கிணற்றடியில் ஒரு கல்தொட்டியைக் கட்டி இறைத்து ஊற்றினால் மந்தை பிழைத்துக்கொள்ளும். இது கரிசலின் பழைய சிக்கனம்.

இரண்டாவது, ஆற்று மணலுக்குள் இருக்கும் தண்ணீர். வைப்பாறு ஆண்டில் பெரும்பகுதி வறண்டு கிடக்கும் ஆறு. ஆனால் மணலைக் கையால் தோண்டினால் ஊற்று. மணல் ஒரு மூடி. வெயில் அதன் மேற்புறத்தைத் தாண்டி உள்ளே போய் நீரை எடுக்க முடியாது. கோடையில் பெண்கள் ஊற்றுத் தோண்டி அகப்பையால் மொண்டு குடம் நிரப்புவதும், சற்றுத் தள்ளி மேய்ப்பர் தோண்டிய பள்ளத்தில் ஆடுகள் வாய் வைப்பதும் இந்த ஆற்றோரத்துக் காட்சி. மணல் போனால் ஆறு வெறும் பள்ளம்.

மூன்றாவது, தாமிரபரணியின் கால்வாயும் குளமும். பொதிகையில் பிறந்து புன்னக்காயலில் கடலைச் சேரும் இந்த ஆற்றில் எட்டு அணைக்கட்டுகள். கடைசியான திருவைகுண்டம் அணைக்கட்டு 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கட்டப்பட்டது. அதன் வடகாலும் தென்காலும் சேர்ந்து 53 குளங்களை நிரப்புகின்றன. தென்காலில் கடம்பாகுளம், வடகாலின் கடைக்கோடியில் தூத்துக்குடிக்கு அருகே கோரம்பள்ளம் குளம். குளம் நிரம்பியிருக்கும்போது அது பாசன ஏரி. வற்றத் தொடங்கும்போது ஈரம் பின்வாங்கும் விளிம்பில் புல் முளைக்கும். கோடையில் அந்தக் குளத்துப்பற்று இந்தச் சீமையின் மிகச் சிறந்த மேய்ச்சல் நிலமாகிவிடும். தண்ணீரும் தீவனமும் ஒரே இடத்தில் கிடைப்பது ஆண்டில் அந்தச் சில வாரங்கள்தான்.

நான்காவதுதான் வெளியூர்க்காரர்களுக்கு வியப்பூட்டுவது: தேரிக்குள் தண்ணீர். இரும்புச்சத்தால் சிவந்த இந்த மணல் மேடுகளில் மிகப் பெரியது குதிரைமொழித் தேரி. சுமார் 12,000 ஏக்கர். காற்றடி காலத்தில் இந்த மணல் இடம் பெயரும். நேற்றிருந்த தடம் இன்றிருக்காது. பார்வைக்கு இதுவே பாலைவனம். ஆனால் தேரியில் விழும் மழை ஒரு சொட்டும் ஓடி வீணாவதில்லை. சல்லடையில் ஊற்றியது போல உள்ளே இறங்கி, மேட்டின் அடிவாரத்தில் கசிந்து வெளியே வரும். மேலப்புதுக்குடியில் அருஞ்சுனை காத்த அய்யனார் கோயில் நிற்பது அப்படி ஒரு சுனையருகில்தான். சுனைக்குத் தெய்வத்தைக் காவல் வைத்து, அந்தக் காவலையே தெய்வத்தின் பெயராக்கிய ஊர் அது. தேரியின் தாழ்வுகளில் மழைக்காலத்தில் தேங்கும் நீர்ப்பரப்புக்குத் தருவை என்று பெயர். வைரவன் தருவை, புத்தன் தருவை ஆகியவை பெரியவை. இந்தத் தேரிகளில் இடைக்கற்கால மனிதரின் சிறு கல்லாயுதங்கள் கிடைத்ததை ஸொய்னரும் ஆல்சினும் 1956-இல் விரிவாக எழுதினார்கள். தண்ணீர் இல்லாத இடத்தில் அந்த மனிதர்கள் தங்கியிருக்க மாட்டார்கள்.

கடலோரத்திலும் நல்ல தண்ணீர் உண்டு. திருச்செந்தூர் நாழிக்கிணறும், மணப்பாட்டில் பிரான்சிஸ் சவேரியார் தங்கிய குகையருகே உள்ள கிணறும் கடலுக்கு அருகிலேயே இருந்தும் உப்புக் கரிப்பதில்லை. மக்கள் இதை அருளாகக் கொண்டாடுகிறார்கள். நிலத்தடி நீரியல் இதற்கு ஒரு காரணம் சொல்கிறது: மழைநீர் கடல்நீரைவிட எடை குறைந்தது, மணலுக்குள் அது உப்புநீரின் மேல் மிதந்து நிற்கும். கடல் மட்டத்துக்கு மேல் ஒரு மீட்டர் நன்னீர் நின்றால், அது கீழே சுமார் 40 மீட்டர் வரை உப்பை அழுத்தி வைத்திருக்கும். மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும்: மோட்டார் வைத்து உறிஞ்சி அந்த ஒரு மீட்டரை இறக்கினால், உப்பு அதே நாற்பது மீட்டர் ஏறி வரும். உடன்குடி, திருச்செந்தூர்க் கரையோரத்துத் தோட்டக் கிணறுகள் உவராக மாறியதன் கதை இவ்வளவுதான்.

குதிரை தோற்ற நிலத்தில் ஆடு வென்றது

13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ இந்தக் கரையின் காயல் துறைமுகத்துக்கு வந்தார். ஓர்முஸ், ஏடன் முதலிய துறைகளிலிருந்து கப்பல்கள் குதிரைகளோடு வந்து இறங்கும் பட்டினம் என்று அதை வர்ணித்தார். பாண்டிய நாட்டுக்கும் வேறு சில இந்தியத் துறைகளுக்கும் ஆண்டுக்குப் பத்தாயிரம் குதிரைகள் வந்ததாகப் பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாப் எழுதினார். வந்த குதிரைகளில் பெரும்பாலானவை நெடுநாள் நிலைக்கவில்லை, நல்ல குட்டிகளும் பிறக்கவில்லை. ஆண்டுதோறும் வாங்க வேண்டியிருந்ததற்கு அதுவே காரணம். குதிரைக்குப் பசும்புல் வேண்டும், குளிர்ந்த தண்ணீர் வேண்டும், ஓரிடத்தில் நிலைத்த மேய்ச்சல் வேண்டும். இந்த நிலம் அதைக் கொடுக்காது. மன்னார் வளைகுடாவுக்கு அப்பால், பாக் நீரிணையில் உள்ள நெடுந்தீவில் ஐரோப்பியர் விட்டுச்சென்ற குதிரைகளின் வழித்தோன்றல்கள் இன்றும் காட்டில் திரிகின்றன. கடுங்கோடையில் தண்ணீரின்றி மடிகின்றன. பவளப் பாறைத் தீவில் அவற்றுக்குக் குட்டை தோண்டித்தான் காப்பாற்ற வேண்டியிருக்கிறது.

குதிரையால் முடியாததை ஆடு செய்தது. தூத்துக்குடி–மதுரை நெடுஞ்சாலையில் உள்ள வேம்பூரின் பெயரைத் தாங்கிய வேம்பூர் ஆடு வெள்ளை உடலில் செம்பழுப்புப் பொட்டுக்கள் சிதறிய செம்மறி, ஊர்ப்பேச்சில் பொட்டாடு. கீழக்கரிசல் என்ற இன்னொரு செம்மறியும் இந்த மண்ணுக்குரியது. இரண்டுக்கும் கம்பளி கிடையாது, குட்டை மயிர்தான்; வெயிலில் நெடுந்தூரம் நடக்க அதுவே வசதி. வெள்ளாட்டில் கன்னியாடு கறுப்பு. முகத்திலும் காலிலும் வெள்ளைக் கோடிருந்தால் பால்கன்னி, சிவப்புக் கோடிருந்தால் செங்கன்னி. கொடியாடு நெட்டைக் காலும் நீண்ட உடலும் கொண்டது. வெள்ளையில் கறுப்புத் தெறித்தால் கரும்போரை, சிவப்புத் தெறித்தால் செம்போரை. செம்மறி மந்தைக்கு முன்னால் இந்தக் கொடியாடுகளைச் சேர்த்து விடுவார்கள். செம்மறி முன்னால் போவதன் வாலைப் பார்த்து நடக்கும். கொடியாடு வழியைப் பார்த்து நடக்கும்.

இந்த ஆடுகளுக்குத் துணை நின்ற மரம் உடை. குடை விரித்தது போல் தட்டையான தலை உடைய இந்த வேலமரம் தென்கோடித் தமிழகத்தின் வறண்ட கரைக்கே உரிய அடையாளம். கோடையில் புல் கருகியபின் இதன் நெற்று முதிரும். மேய்ப்பர் துறட்டியால் கிளையை உலுக்கினால் நெற்று உதிரும், ஆடுகள் ஓடி வந்து பொறுக்கும். புல் தீர்ந்த மாதத்துக்கு நிலமே எடுத்துவைத்த சேமிப்பு அது.

கிடை என்னும் ஏற்பாடு

மேய்ச்சல் உள்ள இடத்தில் தண்ணீர் இருக்காது, தண்ணீர் உள்ள இடத்தில் மேய்ச்சல் இருக்காது. நடையால்தான் இரண்டையும் சேர்க்க முடியும். இந்தச் சீமையின் மேய்ச்சல் அறிவு முழுவதும் இதற்குள் அடங்கும். கோடையில் ஓர் ஆட்டுக்கு நாளொன்றுக்கு நான்கைந்து லிட்டர் தண்ணீர் தேவை. பசும்புல் மேயும் கார்த்திகையில் அதில் பாதிகூட வேண்டாம், தழையிலேயே ஈரம் இருக்கும். எந்த மாதம் எங்கே நிற்பது என்பதை இந்தக் கணக்கே தீர்மானிக்கிறது.

கரிசலில் மானாவாரி விதைப்பு புரட்டாசி, ஐப்பசியில். அப்போது மந்தை நிலத்துக்குள் வர முடியாது. வந்தாலும் சகதி குளம்பில் அப்பி, குளம்பு அழுகும். ஆகவே மழைக்காலத்தில் ஆடுகள் செம்மண் மேட்டுக்கும் மணற்பாங்கான புறம்போக்குக்கும் ஒதுங்கும். தை, மாசியில் கரிசல் அறுவடை முடிந்ததும் சோளத்தட்டைக்கும் பயற்றுக் கொடிக்கும் திரும்பும். பங்குனியில் தாமிரபரணிப் பிசான நெல் அறுவடையானதும் வயலின் தாளடிக்கு இறங்கும். கோடையில் குளத்துப்பற்று. பிறகு விதைப்புக்கு முன் மீண்டும் கரிசல். மூன்று பட்டைகளையும் ஓராண்டில் தைத்து முடிக்கும் ஊசி இந்த நடை.

இந்த நடைக்குக் கூலி கொடுத்தது உழவு. பகலில் மேய்ந்த ஆடுகளை இரவில் ஒரு வயலில் மறித்துப் படுக்க வைப்பதுதான் கிடை போடுதல். புழுக்கையும் மூத்திரமும் நேரே மண்ணில் இறங்கும். மறுநாள் கிடை பத்தடி தள்ளி நகரும். நிலக்காரர் ஓர் இரவுக்கு இவ்வளவு என்று நெல்லாகவோ பணமாகவோ கொடுப்பார், கிடைக்காரர்களுக்குச் சாப்பாடும் போடுவார். ஆட்டு எரு அந்த வருஷம், மாட்டு எரு மறு வருஷம் என்ற சொலவடை இந்தப் பயனைச் சொல்கிறது. இதற்குள் இன்னொரு பரிமாற்றமும் நடந்தது: எரு வேண்டும் என்பதற்காக நிலக்காரர் தன் கிணற்றைக் கிடைக்குத் திறந்துவிட்டார். எரு கொடுத்தவனுக்குத் தண்ணீர் கிடைத்தது. இடைசெவலைச் சேர்ந்த கி. ராஜநாராயணன் தம் குறுநாவல் ஒன்றுக்குக் ‘கிடை’ என்றே பெயர் வைத்தார். அம்ஷன்குமார் அதை ‘ஒருத்தி’ என்று படமாக்கினார். ஒரு கிடைக்குள் ஊரின் சாதி, உழைப்பு, ஆசை, அதிகாரம் எல்லாம் அடங்கும் என்பதை அந்தக் கதை காட்டியது.

உலகின் பிற வறண்ட நிலங்களிலும் இதே இலக்கணம் உண்டு. எத்தியோப்பியாவின் தெற்கே போரானா மக்கள் ஆழக் கிணறுகளில் வரிசையாக நின்று பாடிக்கொண்டே நீரைக் கைமாற்றி மேலே ஏற்றுகிறார்கள்; எந்த மந்தை எந்த நாள் குடிக்கும் என்பதற்கு முறை உண்டு. ராஜஸ்தானில் ஓரண் என்ற தெய்வக் காடுகள் மேய்ச்சலையும் குளத்தையும் சேர்த்தே காக்கின்றன. யாழ்ப்பாணத்திலும் நம் பக்கத்திலும் கேணியருகே நட்ட ஆவுரிஞ்சு கல்லைப் பார்க்கலாம். குடித்துவிட்டு வரும் மாடு முதுகு சொறிந்துகொள்ள ஒரு கல்லை நட்டு, அதைத் தருமம் என்று எண்ணிய சமூகம் நம்முடையது.

எங்கே அறுந்தது

முதலில் அறுந்தது தண்ணீர்ப் பங்கீடு. தூத்துக்குடி நகருக்குத் தாமிரபரணித் தண்ணீர் கொண்டுவர நகர்மன்றத் தலைவர் குரூஸ் பர்னாந்து பாடுபட்டார். வல்லநாட்டிலிருந்து குழாயில் வந்த அந்த நீர்தான் துறைமுக நகரை வாழவைத்தது. நகரம் அவரை இன்றும் நன்றியோடு நினைக்கிறது. பிறகு துறைமுகம் வளர்ந்தது, அனல்மின் நிலையம் வந்தது, உர ஆலையும் இரசாயன ஆலைகளும் வந்தன. திருவைகுண்டம் அணையிலிருந்து ஆலைகளுக்கு நாளொன்றுக்கு 2 கோடி காலன் எடுக்கும் திட்டம் கடைமடை விவசாயிகளின் மனக்குமுறலாகித் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை சென்றது. நகரமும் ஆலையும் உழவும் வழக்காடின. கோரம்பள்ளத்துக் குளத்துப்பற்றில் கோடைப் புல் குறைந்துபோனதைச் சொல்ல எந்த வழக்கிலும் யாரும் இல்லை.

இரண்டாவது, மணல். தாமிரபரணியில் மணல் அள்ளுவதற்கு எதிராக இரா. நல்லகண்ணு தாமே மதுரை உயர் நீதிமன்றக் கிளையில் வாதாடினார்; 2010 டிசம்பரில் ஐந்தாண்டுத் தடை கிடைத்தது. தடைக்குப் பின்னும் திருட்டு நிற்கவில்லை. 2023 ஏப்ரலில் முறப்பநாட்டில் மணல் கொள்ளையைத் தடுக்க முயன்ற கிராம நிர்வாக அலுவலர் லூர்து பிரான்சிஸ் தம் அலுவலகத்திலேயே வெட்டிக் கொல்லப்பட்டார். ஆற்று மணல் என்பது கோடைத் தண்ணீரின் பெட்டகம் என்று அறிந்தவர்களுக்கு, அந்த உயிர் எதற்காகப் போனது என்பது விளங்கும்.

மூன்றாவது, சீமைக் கருவேலம். கண்மாய்க்குள்ளும் ஊருணிக் கரையிலும் தரிசிலும் இது மண்டி, உடைமரத்தின் இடத்தைப் பிடித்தது. இதில் ஒரு பக்கம் மட்டும் பார்க்கக் கூடாது. மழை பொய்த்த கரிசலில் கரிமூட்டம் போட்டுப் பிழைத்த குடும்பங்கள் ஏராளம். ஆடுகளும் இதன் நெற்றைத் தின்கின்றன. தின்று, விதையைப் புழுக்கையோடு புதிய இடங்களில் விதைக்கவும் செய்கின்றன. 2017-இல் உயர் நீதிமன்ற உத்தரவுப்படி வேகமாக வெட்டத் தொடங்கினார்கள், பிறகு அது நின்றது. வேரோடு எடுத்து, அந்த இடத்தில் வேறு மரம் வைத்துக் காக்காவிட்டால் அது இரட்டிப்பாகத் தழைக்கும். நீர்நிலைக்குள் இருப்பதை முதலில் எடுப்பது, தரிசில் இருப்பதைப் படிப்படியாக உடைமரத்துக்கும் வேம்புக்கும் மாற்றுவது என்ற வரிசைதான் மேய்ப்பருக்கும் கரிமூட்டக்காரருக்கும் நியாயம் செய்யும்.

நான்காவது, வழி. வருவாய்க் கணக்கில் மேய்க்கால் புறம்போக்கு, மந்தைப் புறம்போக்கு என்ற பெயர்கள் இன்னும் இருக்கின்றன. நிலத்தில் அவை பட்டாவாகவும் கட்டடமாகவும் மாறிவிட்டன. ஊர்ப் பொதுநிலங்களை மீட்க வேண்டும் என்று 2011-இல் உச்ச நீதிமன்றம் ஜக்பால் சிங் வழக்கில் எல்லா மாநிலங்களுக்கும் உத்தரவிட்டும் மேய்க்காலுக்கு விடிவு வரவில்லை. கரிசலில் இப்போது காற்றாலைகளோடு சூரியமின் பண்ணைகளும் பெருகிவிட்டன. காற்றாலையின் அடியில் ஆடு மேயலாம்; சூரியமின் பண்ணைக்குக் கம்பி வேலி. நஞ்சையில் நெல்லின் இடத்தை வாழை பிடித்துவிட்டது. ஆண்டு முழுவதும் நிற்கும் வாழைத்தோட்டத்தில் தாளடியும் இல்லை, கிடையும் இல்லை. குலசேகரப்பட்டினத்தில் 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டப்பட்ட ராக்கெட் ஏவுதளம் 2,000 ஏக்கருக்கு மேற்பட்ட வறண்ட நிலத்தைச் சுற்றி எல்லை போடுகிறது. ஒவ்வொன்றுக்கும் நாட்டுக்குப் பயன் இருக்கிறது. ஆனால் தரிசு என்று எழுதப்பட்ட நிலம் யாருக்கும் பயன்படாத நிலம் என்று எண்ணி வேலி போடுவது பிழை. அது யாரோ ஒருவரின் தை மாதம், வேறு ஒருவரின் கார்த்திகை.

ஆடுதான் குற்றவாளியா

காட்டை அழிப்பது ஆடு என்ற குற்றச்சாட்டு பழையது. 2022 மார்ச்சில் தமிழகக் காடுகளில் கால்நடை மேய்ச்சலுக்குச் சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்து, பிறகு அதைப் புலிகள் காப்பகம், சரணாலயம், தேசியப் பூங்கா ஆகியவற்றோடு நிறுத்தியது. வல்லநாட்டில் 1987 முதல் வெளிமான் சரணாலயம் உள்ளது. அங்கே மானுக்கு முதல் உரிமை என்பதில் எனக்கு மறுப்பில்லை. தேரியில் நட்ட இளங்கன்றை வெள்ளாடு கடித்துவிட்டால் மணல் மறுபடி நகரும் என்பதும் உண்மை.

ஆனால் ஆட்டின் பல் எப்போது நிலத்தைக் கெடுக்கிறது என்று கேட்க வேண்டும். தென் ஆஸ்திரேலியாவின் பெரிய செம்மறிப் பண்ணைகளில் தண்ணீர்த் தொட்டிகளைச் சுற்றியுள்ள நிலத்தை 1969-இல் லேஞ்ச் என்ற ஆய்வாளர் அளந்தார். தொட்டியருகே புல்லே இல்லை. விலக விலகச் செடி கூடிக்கொண்டே போகிறது. தண்ணீர் நிலையாக ஓரிடத்தில் கிடைத்தால் மந்தையும் அங்கேயே நிற்கும், நின்ற இடம் பாலையாகும். நம் ஊரில் ஆழ்துளைக் கிணறு போட்டு ஒரு தொட்டி கட்டிவிட்டால் கால்நடைப் பிரச்சினை தீர்ந்தது என்று எண்ணுபவர்கள் தொட்டியைச் சுற்றி உருவாகும் இந்த மொட்டை வளையத்தை மறந்துவிடுகிறார்கள். நடக்கும் ஆடு விதை பரப்பும், எரு போடும், புல்லுக்கு ஓய்வு கொடுக்கும். வழியை அடைத்து நடையை நிறுத்தினால் அதே ஆடு நிலத்தை மொட்டையடிக்கும். ஆட்டைக் குற்றம் சொல்லுமுன் நாம் போட்ட வேலியைப் பார்க்க வேண்டும்.

வெள்ளம் சொன்ன பாடம்

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்துக்குள் சுமார் 95 செ.மீ. மழை கொட்டியது. ஓராண்டு மழையைவிட அதிகம். குளங்கள் உடைந்தன, கோரம்பள்ளம் உடைந்து தூத்துக்குடி நகரம் மூழ்கியது, செந்தூர் ரயில் திருவைகுண்டத்தில் நின்றுபோய் நூற்றுக்கணக்கான பயணிகள் தத்தளித்தனர். ஆடு மாடுகள் பட்டியிலும் கொட்டிலிலும் கட்டியபடியே மாண்டன. அடுத்த கோடையிலேயே ஊருணிகளில் தண்ணீர் தேடும் நிலை.

தாமிரபரணியின் வெள்ள நீரைச் சாத்தான்குளம், திசையன்விளைத் தேரி வட்டாரத்துக்குக் கொண்டுபோக, கன்னடியன் கால்வாயிலிருந்து கருமேனியாறு, நம்பியாற்றை இணைக்கும் திட்டம் 2009-இல் தொடங்கியது. சுமார் 75 கி.மீ. நீளக் கால்வாய் 2025 பிப்ரவரியில்தான் திறக்கப்பட்டது. தேரி என்ற சல்லடையில் வெள்ளத்தை இறக்குவது நல்ல யோசனை. அது நிலத்தடி நன்னீரைத் தூக்கி நிறுத்தி உப்பை அழுத்தும். அந்தக் கால்வாய்க் கரையில் எத்தனை இடங்களில் ஆடு மாடு இறங்கிக் குடிக்கச் சரிவு கட்டப்பட்டிருக்கிறது என்பதே நான் கேட்க விரும்பும் கேள்வி. செங்குத்தான கான்கிரீட் கரையில் ஆடு வழுக்கி விழுமே தவிர குடிக்காது.

என்ன செய்யலாம்

பெரிய பணம் கேட்காத வேலைகளே முதலில் செய்ய வேண்டியவை. ஒவ்வொரு கூட்டுக் குடிநீர்த் திட்டத்திலும் குளப் பாசனத் திட்டத்திலும் கால்நடைக்கு என்று ஒரு பங்கு எழுதப்பட வேண்டும். 2019 கால்நடைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் சுமார் 45 லட்சம் செம்மறியும் 99 லட்சம் வெள்ளாடும் இருந்தன. இத்தனை உயிர்களுக்கு ஒரு வரி ஒதுக்குவது மிகை ஆகாது. தூர்வாரும்போது ஊருணியின் ஒரு கரையையாவது சரிவாக விட்டுக் கல் பதிக்கலாம். கைவிட்ட உப்புக் கிணறுகளில் தொட்டி கட்டலாம். ஆனால் ஒரே தொட்டியைப் பெரிதாகக் கட்டாமல், ஆடு ஒரு வேளையில் நடக்கும் தூரத்துக்கு ஒன்றாகப் பல சிறு தொட்டிகள். மேய்க்கால் புறம்போக்கையும் ஆட்டுப் பாதையையும் வரைபடத்தில் குறித்து, சூரியமின் பண்ணைக்கோ ஆலைக்கோ இசைவு தரும்போதே பாதைக்கு இடைவெளி விடச் சொல்லலாம். 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் மேய்ப்பர்களின் பருவகால உரிமையை ஏற்கிறது. அதை இங்கே கேட்டுப் பெறும் ஊர்சபைகள் வேண்டும்.

வேம்பூர், கீழக்கரிசல் ஆடுகளையும் கன்னி, கொடியாடுகளையும் காப்பது இதன் பகுதிதான். எட்டயபுரம் சனிக்கிழமைச் சந்தையில் எடையை மட்டும் பார்த்து விலை பேசும்போது, நடக்கத் தெரிந்த ஆட்டுக்குக் கூடுதல் விலை கிடையாது. கொட்டிலில் நின்று தின்னும் கலப்பினத்துக்கு வேண்டிய தண்ணீரை இந்த மண்ணால் என்றென்றும் கொடுக்க முடியுமா என்று யோசிக்க வேண்டும். ஐக்கிய நாடுகள் அவை 2026-ஐ மேய்ச்சல் நிலங்களுக்கும் மேய்ப்பர்களுக்குமான ஆண்டாக அறிவித்தது. மேய்ச்சல் நிலத்துக்கு முல்லை என்று பெயரிட்டுத் திணையாக வகுத்த மொழியில் அதற்கான பதில் கூட்டங்களோடு நின்றுவிடக் கூடாது.

அன்று அந்த ஊருணியில் கடைசிக் கிடாயும் குடித்து முடித்தபோது வெயில் சாயத் தொடங்கியிருந்தது. கிடைக்காரர் தான் குடிக்கக் கொண்டுவந்த தூக்குவாளியைக் கழுவி, அந்தக் கழுவிய நீரைக்கூட ஊருணிக்குள் விடாமல் கரைமேல் ஒரு வேப்பங்கன்றின் மூட்டில் ஊற்றினார். பிறகு கொடியாட்டை முன்னால் விட்டு நடந்தார். கிழக்கே நேராகப் போனால் ஐந்து மைல். அவர் வேலியை ஒட்டித் தெற்கே திரும்பினார்.